க்விஸ் மாஷும் ஆட்டு மூளையும்

கேரளத்து அட்டப்பாடியின் அகளியில் வாத்தியாருக்கு மாஷ் என்றுதான் பெயர். மலையாள வீட்டில் மட்டுமல்ல, தமிழ் வீட்டிலும் அப்படித்தான். கணக்கு மாஷ், டிரில் மாஷ், டியூஷன் மாஷ் என்று பல வகை. இவர்களில் ஒருவருக்கு, யாரும் கொடுக்காத இன்னொரு உத்தியோகமும் சேர்ந்திருக்கும்: க்விஸ் மாஷ். சம்பளமில்லை, உத்தரவில்லை, ஓய்வுபெறும் வயதும் இல்லை. சட்டைப் பையில் நான்கு பேனா, அக்குளில் பாலித்தீன் உறை போட்ட நோட்டு. மழையில் குடை ஒன்றுதான் என்றால் அது நோட்டுக்கு.

க்விஸ் மாஷின் வாயில் முற்றுப்புள்ளி வராது, கேள்விக்குறிதான் வரும். டீக்கடையில் உட்கார்ந்ததும் தொடங்குவார்.

"ஏப்பா, இந்த டீயில இருக்கற எந்தச் சாமான் மூளைக்குப் போயி, அடினோசின் உக்கார வேண்டிய எடத்துல உக்காந்துக்குது?"

"சக்கரை கம்மி பண்ணட்டுங்களா மாஷே?"

"கஃபீன்!" என்று தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டு குடிப்பார். துக்க வீட்டிலும் இதே கதை. பக்கவாதத்தில் போனவர் என்றால், விழுந்தது வலது கையா இடது கையா என்று விசாரித்து, "அப்ப இடது பக்க மூளை" என்று முடிவு கட்டிய பிறகுதான் மாலை போடுவார். பிள்ளைகளை இறுக்கிப் பிடித்து அழும் வீடாக இருந்தால் மட்டும் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொள்வார். அவ்வளவு நாகரிகம் உண்டு.

முன்பெல்லாம் நோட்டில் நோபல் பரிசு, நதிகள், உலகக் கோப்பை என்று கலவையாக இருக்கும். இப்போது மூளை மட்டும்தான். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்பர்ட் மிஸ்லின்ஸ்கி, பள்ளிப் பிள்ளைகளுக்காக 1998இல் தொடங்கிய பிரெயின் பீ போட்டியைப் பற்றி எங்கோ படித்துவிட்டார். (அந்தப் பெயரின் பின்பாதியைத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் உரக்கச் சொன்னால் பீரியட் முடியும்வரை சிரிப்பு அடங்காது. ஆகவே ‘மூளைப் போட்டி’ ஆயிற்று.) ஊரில் ஜெயித்தால் நாடு, நாட்டில் ஜெயித்தால் உலகம். 2010இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உலகப் பட்டம் வாங்கியது ஓர் இந்திய மாணவி என்று மாஷ் சொல்லும்போது, ஏதோ அந்தப் பெண்ணைக் கூளிக்கடவில் தானே பஸ் ஏற்றி அனுப்பியவர் மாதிரி குரல் தழுதழுக்கும்.

உலகம் இருக்கட்டும். முதலில் சுரம் இறங்கி மண்ணார்க்காட்டு உபஜில்லாப் போட்டியைத் தாண்ட வேண்டாமா? அங்கேதான் மாஷின் ஆறாத புண் இருக்கிறது. மூளையில் நியூரான்கள் எத்தனை என்று கேட்டார்கள். நம் பிள்ளை 8,600 கோடி என்றான். தவறு, 10,000 கோடி என்றார் கேள்வி கேட்டவர். பழைய புத்தகங்களில் அந்த உருண்டைக் கணக்குதான். 2009இல் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் என்ற பிரேசில் விஞ்ஞானியும் கூட்டாளிகளும் மூளையைக் கரைத்து ரசமாக்கி, அதில் மிதந்த உட்கருக்களை எண்ணி 8,600 கோடி என்று கண்டார்கள். மாஷ் அந்த ஆய்வின் நகலோடு மேடையேறினார். "விடைத்தாள்ல என்ன இருக்கோ அதுதான் விடை" என்று இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்குப் புது உபதேசம்: "கேக்கறவரு தலையப் பாரு. நரைச்சிருந்தா பத்தாயிரம் கோடி. கறுப்பா இருந்தா 8,600. டை அடிச்ச மாதிரி தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் யோசி."

அவர் வகுப்பில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு: ‘பாஸ்’. "ஒடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான். தின்னற சக்தி 20 சதவீதம். அவ்வளவையும் தின்னுபோட்டு பாஸ்னு சொல்ல வெக்கமா இல்ல?" என்பார். பாவம், பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கேள்வி இங்கிலீஷில் வரும், அதுவும் மலையாள உச்சரிப்பில். யோசிப்பது ஒருவனுக்குத் தமிழில், பக்கத்தில் இருப்பவளுக்கு இருள பாஷையில். விடையோ லத்தீன். இத்தனை ஊரும் சுற்றி வருவதற்குள் டவுன் பள்ளிப் பையன் பஸ்ஸரை அமுக்கிவிடுவான்.

எதைக் கேட்டாலும் ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற மூளைப் பகுதியையே சொல்லும் ஒரு பையன் எல்லா அணியிலும் இருப்பான். அவனுக்கு மாஷ் வைத்த பெயர் டான். ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறு பேச முடியாத நோயாளியை 1861இல் ஆராய்ந்துதான் பேச்சுக்கான மூளைப் பகுதியைக் கண்டுபிடித்தார் பிரான்சு டாக்டர் ப்ரோக்கா. இந்த விவரம் தெரியாத பையனின் அப்பா, மகனை சினிமா டான் என்று நினைத்து மகிழ்ந்துகொண்டிருக்கிறார்.

மூளைப் போட்டியில் நோயாளியாக நடிப்பவரைப் பார்த்து என்ன நோய் என்று சொல்லும் சுற்றும் உண்டு. ஆள் கிடைக்காமல் மாஷே நடித்தார். வராந்தாவில் வாய் ஒரு பக்கம் கோணி, கால் இழுத்து, நாக்குக் குழறி அவர் நடக்க, பிள்ளைகள் குறிப்பெடுக்க, சத்துணவு சமைக்கும் அம்மா கோட்டத்தறை ஆஸ்பத்திரிக்கு ஜீப் பிடிக்க ஓடிவிட்டார்.

மாஷுக்கு ஆகாத கேள்வி ஒன்றே ஒன்று: ‘ஏன்’. வலிப்புக்காக 1953இல் எச்.எம். என்ற நோயாளிக்கு ஹிப்போகேம்பஸை அகற்றியதையும், அதற்குப் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்காமல் போனதையும், ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய அவர் கை நாளுக்கு நாள் தேறியதையும் ரசித்துச் சொன்னார். பின் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"வரைஞ்சதே அவருக்கு ஞாபகமில்லீன்னா, கை மட்டும் ஏன் மறக்கல மாஷே?"

நினைவு ஒன்றல்ல, பல வகை என்று ஒரு துறையே கிளைத்தது இந்த இடத்தில்தான். மாஷ் நோட்டைப் புரட்டினார். "ஒத்த வார்த்தையில பதில் வர்ற மாதிரி கேளு கண்ணு" என்றார்.

போட்டியில் நிஜ மூளையைக் காட்டி, குண்டூசி குத்திய பாகத்தின் பெயர் கேட்பார்கள் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனார்.

"மூளை வறுவலுக்குங்களா, கொழம்புக்குங்களா மாஷே?"

"அனாட்டமிக்கு."

"அது எந்த மசாலாங்க?"

கடைக்காரர் ஒரே போடில் மண்டையோட்டைப் பிளந்து, சேதமில்லாமல் எடுத்துக் கொடுத்தார். வாடகை வீட்டுத் திண்ணையில் பாடம் தொடங்கியது. மூளைக்கு உறை மூன்று. டியூரா, அரக்னாய்டு, பையா என்றார் மாஷ். "இந்தத் தோலத்தான் எங்கம்மா வெந்நி ஊத்தி உரிப்பாங்க. கெட்டித் தோலு மண்டையோட்லயே ஒட்டிக்கும்" என்றாள் அதே பின் பெஞ்சுப் பெண். கத்தியையும் அவளே வாங்கிக்கொண்டாள். டெம்பொரல் மடலைத் திறந்ததும் உள்ளே சுருண்டு கிடந்தது அந்தப் புகழ்பெற்ற ஹிப்போகேம்பஸ்.

"மாஷே, நம்ம ஆட்டுக்கொம்பு அவரை!"

புவிசார் குறியீடு வாங்கிய அட்டப்பாடி அவரைதான். அந்த உறுப்பைப் பழைய உடற்கூறியலாரும் ஆட்டுக்கடாக் கொம்பு என்றுதான் வைத்தார்கள் என்பது மாஷின் நோட்டில் இல்லை.

ஃபார்மலின் கிடைக்காததால் பதினொரு மணிக்குள் மூளை குழைந்து, எந்த மடல் எது என்று தெரியாமல் போனது. மாஷின் மனைவி தட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். மிளகு தட்டிப் போட்டுத் திரும்பி வந்ததும் எல்லோரும் கை கழுவி உட்கார்ந்தார்கள். மாஷுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

"இப்ப நீ வாயில போட்டது ஃப்ரன்டலா, டெம்பொரலா?"

"பாஸ்" என்றாள் அந்தப் பெண், வாய் நிறைய.