கண்ணாடி நீரும் விமானியின் கண்ணும்

கேள்வி: நீரில் இறங்கும் விமானத்துக்கு ஏரி முழுவதுமே ஓடுபாதைதானே, பிறகு விபத்து ஏன்? (வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: தார் ஓடுபாதை அலையடிக்காது, மிதக்கும் மரக்கட்டையை ஒளித்தும் வைக்காது. வயிற்றுப்பகுதியே படகாக அமைந்த 'பறக்கும் படகுகள்' இரண்டாம் உலகப் போரில் சென்னையின் புழல் ஏரியிலேயே இறங்கி ஏறின. அவ்வகையைச் சேர்ந்த 'செஞ்சூரியன்' 1939 ஜூன் 12 அன்று கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி மூழ்கியது.

காற்றில்லாமல் ஏரி அசையாது கிடக்கும் நாளே பாதுகாப்பானது என்று கரையில் நிற்பவருக்குத் தோன்றலாம். விமானிக்கோ, வானத்தை அப்படியே காட்டும் அந்தப் பரப்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே புலப்படாது. உங்கள் ஊரில் பதனிடும் தோலுக்கு விலையைக் கூட்டும் பளபளப்பு நீருக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. ஆகவே பயிற்சி பெற்றவர் கண்ணை நம்பாமல், கரையோரத்தை உயரத்துக்கு அளவுகோலாகக் கொண்டு, விமானத்தின் மூக்கைச் சற்றே நிமிர்த்தி, நிமிடத்துக்குச் சுமார் 150 அடி என்ற வேகத்தில் மட்டுமே தாழ்ந்து, மிதவை நீரைத் தொடும்வரை பொறுத்திருப்பார். ஐயம் எழுந்தால் மீண்டும் மேலேறிச் சுற்றிவருவார். பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் அந்த முடிவு கடினமாகிறது.

நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல விமானத்துக்கு மறதியும் பகை: சக்கரத்தை மடக்கியபடி தரையில் இறங்கினால் பெரும்பாலும் கீறலோடு தப்பலாம், நீட்டியபடி நீரைத் தொட்டால் விமானம் தலைகுப்புறக் கவிழும். ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும் உங்கள் ஊர் மலட்டாற்றில் இறங்குபவர் மட்டும் சக்கரத்தைத் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம்.