சாம்பார்க் குறியீட்டெண்: சில முதற்கட்ட முடிவுகள்

விலைவாசியைச் சாப்பாட்டால் அளப்பது பழைய கலை. ‘தி எகனாமிஸ்ட்’ இதழ் 1986-இல் பிக் மேக் பர்கரை வைத்து உலக நாணயங்களை எடைபோடத் தொடங்கியது. மாட்டிறைச்சி ஆகாது என்பதால் இந்தியாவுக்கு மட்டும் மகாராஜா மேக். நைஜீரியாவில் ஒரு சட்டி ஜொலோஃப் சோறு ஆக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு அறிக்கை விடுகிறார்கள். நம் ஒன்றிய அரசும் 2019-20 பொருளாதார ஆய்வறிக்கையில் சாப்பாட்டுத் தட்டின் விலைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. எல்லோரும் விலையைப் பார்த்தார்கள். சாம்பாருக்குள் குனிந்து பார்த்தவர் எவருமில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

உணவக விலைப்பலகை அடிக்கடி மாறுவதில்லை. பழைய எண்ணின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் புது எண் எழுதும் வரை, சந்தையில் ஏறிய விலை எங்கே போய்த் தங்கியிருக்கிறது? சாம்பாரில் என்பது நம் கருதுகோள்.

இதை அளக்க ஆய்வகம் வேண்டாம், வாழையிலை போதும். சோற்றைக் குவித்து நடுவில் குழித்துப் பாத்தி கட்டவும். ஊற்றிய சாம்பார் பாத்திக்குள் அடங்கி நின்றால் துவரம்பருப்பு கட்டுபடியான விலையில் கிடைக்கிறது. கரையை அரித்துக்கொண்டு ஓடினால் விலை ஏறத் தொடங்கியிருக்கிறது. பொரியலை நனைத்து, இலை விளிம்பு தாண்டி மடியில் சொட்டினால், அது 2015. அவ்வாண்டு அக்டோபரில் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே எல்லைத் தகராறு மூண்ட காலம் அது.

மாதிரி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வாளியில் சாம்பார் அடுக்கடுக்காக நிற்கும்: மேலே பெருங்காயம் மணக்கும் தெளிவு, அதில் மிதக்கும் கறிவேப்பிலை, அடியில் பருப்பும் காயும். பரிமாறுபவரின் கரண்டி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. தினமும் வருகிறவருக்கு அடி, வெளியூர்க்காரருக்கு மேல். ஆகவே ஒரே பந்தியில், ஒரே வாளியில், அடுத்தடுத்த இரண்டு இலைகளில் இருவேறு பணவீக்க விகிதங்கள் பதிவாகின்றன. “அண்ணே, கொஞ்சம் கலக்கிப் போடுங்க” என்னும் கோரிக்கையைப் புள்ளியியல் திருத்தமாகவே கொள்ள வேண்டும். அதற்கு அண்ணன் பார்க்கும் பார்வை, கள ஆய்வாளர் தாங்கியாக வேண்டிய ஒன்று.

காய்களில் மிக நுட்பமான காட்டி முருங்கைக்காய். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் பந்தி கிடையாது. வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்க வேண்டும் என்கிறது பாடநூல். முருங்கை மரம் பாடநூல் படித்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவெல்லாம் உதிர்ந்துபோக, மார்கழியில் காய்க்கு ஆலாய்ப் பறக்க வேண்டியிருக்கிறது. அப்போது உணவகச் சாம்பாரில் நிகழும் மாற்றங்கள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. முதலில் துண்டின் நீளம் குறையும். அடுத்து ஆளுக்கு ஒன்று என்றாகும். பிறகு முள்ளங்கி. முள்ளங்கியும் போய்ப் பரங்கிக்காய் வந்துவிட்டால் நிலைமை கவலைக்கிடம்.

கோட்பாட்டுக்கு வருவோம். நம் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் லாஸ்பேயர் வகுத்த வழியில் நடப்பது. அடியாண்டில் எதை வாங்கினாயோ அதையே இன்றும் வாங்குவதாக வைத்துக் கணக்கிடு என்று 1871-இல் சொன்ன ஜெர்மானியர் அவர். மூன்றாண்டு கழித்து பாஷே என்னும் இன்னொரு ஜெர்மானியர், இன்றைக்கு வாங்குவதை வைத்துக் கணக்கிடு என்றார். இந்த வழக்கு தமிழ் வீடுகளில் இன்னும் தீர்ப்பாகவில்லை. மாமனார்கள் பொதுவாக லாஸ்பேயர் கட்சி: “சின்ன வெங்காயம் இல்லாம இது என்ன சாம்பார்?” பையைத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய்வரும் மருமகள் பாஷே கட்சி: “பல்லாரி போட்டிருக்கேன், சாப்பிடுங்க மாமா.” கடைக்குப் போகாதவருக்கே அடியாண்டின் மேல் பற்று அதிகம் என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

2023 ஜூலையில் இரு கட்சிகளும் சேர்ந்து தோற்றன. நாட்டின் காய்கறிப் பணவீக்கம் 37.34 விழுக்காடு. வெளிச்சந்தையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதால், சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. வட, கிழக்கு இந்தியாவின் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பலவற்றில் தக்காளியை நிறுத்திவிட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். பிக் மேக் பள்ளியினர் இதைக் கவனிக்க. சாம்பார் அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை. புளியைக் கொஞ்சம் கூட்டிக் கரைத்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்கு வந்தது.

இந்த ஆய்வுக்குள் அடங்காத ஓர் இடத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய். பருப்பு 200-ஐத் தொட்டபோதும் 5 ரூபாய், தக்காளி 100-ஐத் தாண்டியபோதும் 5 ரூபாய். மிச்சச் செலவை மாநகராட்சி ஏற்கிறது. போதாக்குறைக்கு, சோறும் சாம்பாரும் கலந்தே வருவதால் அங்கே பாத்தி கட்டிப் பார்க்கவும் வழியில்லை. எனவே அம்மா உணவகங்கள் தரவிலிருந்து நீக்கப்பட்டுள்ளன.