மாடு தப்பும், மீன் மாட்டும்!

கேள்வி: யாருக்கும் கேடில்லாத செருப்பு வாங்க ஆசை. தோலா, ரெக்சினா?
– கல்லூரி மாணவி, முட்டம்

பதில்: ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். அது மக்காது. வார் அறுந்ததும் வீசினால் உங்கள் ஊர்ப் பாறை இடுக்கில்தான் வந்து சிக்கும். மாடு தப்பும், மீன் மாட்டும்! தோலும் லேசுப்பட்டதல்ல. வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைப் பாழாக்கியது. அது தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டுமென 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோலே வேண்டுமென்றால் குரோமியம் இல்லாமல், ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தியதா என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ரப்பர்?
– அதே மாணவி

பதில்: குலசேகரம் பக்கம் விடியுமுன்னே பால்வெட்டப் போகிறவர்கள் மகிழ்வார்கள். ஆனால் 'ரப்பர்' என்று கடையில் தொங்குவதெல்லாம் மரத்துப் பாலில் பிறந்ததல்ல. கையில் எடுத்தால் இறகாக இருப்பது பெரும்பாலும் இ.வி.ஏ. என்னும் பெட்ரோலிய நுரை.

கேள்வி: கடைசியாக எதைத்தான் வாங்குவது?
– மீன் வியாபாரி, முட்டம்

பதில்: முதலில், காலில் கிடப்பது தேயட்டும். புதிது வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடி வெறுமனே ஒட்டியதா, சுற்றிலும் தையல் ஓடுகிறதா? வாரை மாற்ற முடியுமா? ஆம்பூர் பக்கம் வீட்டிலிருந்தே ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் சொற்பக் கூலிதான். தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று கடையில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரும் கம்பெனியைக் கேட்பார். தெருமுனையில் செருப்பு தைப்பவரின் ஊசி இறங்காத செருப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.