காலி நாற்காலிகள் சார்பில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மாவட்ட ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோரம்பள்ளம், தூத்துக்குடி.



ஒரே மைதானம், ஒரே மாலை, ஒரே பேச்சாளர். ஒரு சேனலில் அலைகடலெனத் திரண்ட மக்கள் வெள்ளம். ரிமோட்டில் மூன்று எண் தள்ளிப் போனால் அதே கூட்டம், வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. நான்கு மணி நேரம் வேர்த்து வழிய உட்கார்ந்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர்கள், வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டதும், தாங்கள் கூட்டத்துக்குப் போனோமா இல்லையா என்று தங்களுக்குள்ளேயே விசாரித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஒரு சேனலில் அவர்கள் கடல், இன்னொன்றில் அவர்கள் இல்லவே இல்லை. நடுவே சாதாரண மனிதராக இருக்க எந்தச் சேனலிலும் இடமில்லை. இந்தத் தேர்தலில் நம் பக்கத்திலிருந்து தொலைக்காட்சியில் அதிக நேரம் முகம் காட்டியது வேட்பாளரும் இல்லை, வாக்காளரும் இல்லை, அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிதான். அதன் சார்பில்தான் இந்த விண்ணப்பம்.

நாற்காலி விஷயத்தில் தேர்தல் நிர்வாகத்தின் நேர்மையைச் சந்தேகிப்பவன் நன்றிகெட்டவன். தேர்தல் வந்ததும் விலைப்பட்டியல் வந்துவிடுகிறது: டீ இவ்வளவு, வடை இவ்வளவு, பந்தல் சதுர அடிக்கு இவ்வளவு, நாற்காலி வாடகை இவ்வளவு. கூட்டத்துக்கு வீடியோ கண்காணிப்புக் குழு போகிறது. அது எடுத்து வந்த படத்தை வீடியோ பார்வைக் குழு உட்கார்ந்து பார்த்து நாற்காலியை எண்ணுகிறது. கணக்குக் குழு அதை வாடகையால் பெருக்கி, வேட்பாளர் செலவுக்கான நிழல் பதிவேட்டில் ஏற்றுகிறது. வேட்பாளர் குறைத்துக் காட்டினால் நோட்டீஸ். நாற்காலியில் ஆள் உட்கார்ந்தானா என்று யாரும் கேட்பதில்லை. நிறைந்ததற்கும் காலிக்கும் ஒரே வாடகை. தமிழ்நாட்டில் எந்தச் செய்தி ஆசிரியருக்கும் கைவராத நடுநிலை இது. உள்ளபடியே வியக்கிறேன்.

வியப்பு முடியுமிடத்தில் ஒரு சின்னச் சந்தேகம். அதே கூட்டத்தை ஒரு சேனல் மாலை ஆறிலிருந்து பத்து வரை விடாமல் காட்டுகிறது. ட்ரோன் காட்சி, பின்னணி இசை, தலைவர் கையசைக்கும்போதெல்லாம் ஸ்லோ மோஷன். இந்த நான்கு மணி நேரம் நிழல் பதிவேட்டில் எந்த வரியில் வருகிறது? விளம்பரமாக இருந்தால் தங்கள் கையிலிருந்து தப்பாது. அரசியல் விளம்பரத்துக்கு முன்சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 13 அன்று உத்தரவிட்டிருக்கிறது. அந்த வழக்கில் எதிரே நின்றது சன் குழுமத்தின் ஜெமினி டிவி என்பது சரித்திரத்தின் குசும்பு. விளம்பரம் முடிந்து ‘செய்தி’ ஆரம்பித்துவிட்டால், அது காசு வாங்கிப் போட்ட செய்தியா என்று மட்டும் தங்கள் குழு பார்க்கிறது. பணம் கைமாறியதற்குத் தடயம் உண்டா? இல்லை. ஆக, குற்றமில்லை. வடநாட்டில் இந்த வலை மீனைப் பிடித்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், பத்திரிகையில் வந்த செய்திகளுக்கான செலவைக் கணக்கில் காட்டாததால் 2011இல் தகுதி இழந்தார். அங்கே வேட்பாளர் வேறு, பத்திரிகை முதலாளி வேறு. பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் தடம் விழும்.

தமிழ்நாடு அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுகாலம் ஆயிற்று. இங்கே சேனலே கட்சி வீட்டுப் பிள்ளை. 1993இல் முரசொலி மாறன் குடும்பத்திலிருந்து சன், 1999இல் ஜெயா, 2006இல் பா.ம.க.வின் மக்கள் தொலைக்காட்சி, 2010இல் தே.மு.தி.க.வின் கேப்டன், 2018இல் அ.தி.மு.க.வின் நியூஸ் ஜெ. கலைஞர் டிவி பிறந்த கதை இன்னும் விசேஷம். கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு மாறன் குடும்பத்தின் தினகரனில் வந்தது, 2007 மே 9 அன்று மதுரையில் அந்த அலுவலகம் எரிக்கப்பட்டு ஊழியர் மூவர் செத்தார்கள், குடும்பம் பிரிந்தது, செப்டம்பரில் புதுச் சேனல் ஒளிபரப்பாயிற்று. இப்படிப்பட்ட வீட்டில் யார் யாருக்கு பில் போடுவது? காசு கொடுத்த செய்தியைத் தேடுகிறீர்கள். இங்கே காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

விதி இல்லை என்று தாங்கள் கைவிரிக்கவும் முடியாது. வேட்பாளரோ அவரை நிறுத்திய கட்சியோ தங்களுக்குச் சொந்தமான சேனலையோ பத்திரிகையையோ வெற்றிவாய்ப்புக்காகப் பயன்படுத்தினால், ஒரு பைசா கைமாறாவிட்டாலும், அந்தச் சேனலின் வழக்கமான கட்டண அட்டைப்படி கணக்கிட்டு வேட்பாளர் செலவில் சேர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையமே எழுதி வைத்திருக்கிறது. அற்புதமான விதி, எழுதியவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் செலவு வரம்பு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். முன்னணிச் சேனலின் பிரைம் டைம் கட்டணத்தை நான்கு மணி நேரத்தால் பெருக்கிப் பார்த்தால், நாற்காலி வாடகைக்கே வரம்பில் மிச்சம் இருக்காது என்று அஞ்சுகிறேன். வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் தலைவரை மட்டும் புகழ்ந்தால் அது கட்சியின் பொதுப் பிரசாரம், அதற்கு வரம்பே கிடையாது என்பார்கள். சரி. அப்படியானால் மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்பவர் யார்? நாற்காலியா?

‘பத்திரிகை கட்சி சார்ந்திருப்பது புதிதா? பாரதியின் இந்தியா பத்திரிகை நடுநிலையாகவா இருந்தது?’ என்று படித்தவர்கள் கேட்பார்கள். இல்லைதான். 1906இல் வ.உ.சி. இதே துறைமுகத்திலிருந்து கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் கம்பெனிக்கும் சமமாக இடம் ஒதுக்கிப் பாரதி எழுதியிருந்தால் நாம் அவரைக் கொண்டாடியிருக்க மாட்டோம். விடுதலையும் முரசொலியும் யார் பக்கம் என்பதில் எவருக்கும் மயக்கம் இருந்ததில்லை. சார்பு குற்றமில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். சார்பு செய்தி வாசிப்பாளரின் கோட்டை மாட்டிக்கொண்டு, ‘உடனுக்குடன்’, ‘நடுநிலையோடு’ என்று வரும்போதுதான் வம்பு. 2021 ஏப்ரல் 4 அன்று, பிரசாரம் ஓயும் நாள் காலையில், பல நாளிதழ்களின் முதல் பக்கங்களில் அ.தி.மு.க. விளம்பரம் செய்தித் தலைப்புகளின் வேடத்தில் வந்தது, தி.மு.க. புகார் கொடுத்தது. சரியான புகார்தான். தன் பக்கச் சேனல்களில் ஆண்டு முழுக்க விளம்பரம் செய்தி வேடம் போடுவதைப் பற்றியும் அது ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். 2019 தேர்தலுக்கு முன் டி.டி.எச்.சில் திடீரென்று நமோ டிவி முளைத்தது. சேனல் உரிமமே இல்லாமல் ஓடியது. பிரசாரம் முடிந்ததும் மறைந்தது. யோசித்தால் அதிலும் ஒரு நேர்மை இருந்தது, பெயரிலேயே ஆள் இருந்தார்.

சார்பை வைத்துக்கொண்டே நியாயமாகப் பங்கு பிரிக்க முடியுமா என்றால், இந்தக் கடற்கரை அதை எப்போதோ செய்துகாட்டியது. மன்னார் வளைகுடா முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக் குளிப்பில், கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. குளித்தவன்தான் மூன்று குவியலாகப் பிரிப்பான். எந்தக் குவியல் யாருக்கு என்று அதிகாரி சொல்லுவார். எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாததால் எதையும் இளைக்க வைக்க அவனுக்குத் துணிவு வராது. ஏலமும் சிப்பியைத் திறக்காமலேதான் நடக்கும். ஆனால் சலாபத்துக்கு முன்பே கடலடிச் சிப்பிப் பாரிலிருந்து மாதிரி எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, மதிப்பை ஊரறியச் சொல்லியிருப்பார்கள். விலை கேட்பவர் பேராசைக்காரராக இருக்கலாம், அவர் கண்ணைக் கட்டி யாரும் விற்கவில்லை. கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. இன்றைக்குச் செய்தியைப் பிரிப்பவனும் சேனல்காரனே, குவியலைப் பொறுக்குபவனும் அவனே, மாதிரியை மதிப்பிட்டுச் சொல்பவனும் அவனே.

‘ஜனங்களுக்கு எல்லாம் தெரியும், இரண்டு சேனலையும் பார்த்து நடுவில் உண்மையைப் பிடித்துக்கொள்வார்கள்’ என்பது இன்னொரு சமாதானம். ஜனங்களின் அறிவைப் புகழும்போதெல்லாம் யாரோ பொறுப்பிலிருந்து நழுவுகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை மூழ்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றது. அடுத்து வந்த மக்களவைத் தேர்தலில் அந்த வெள்ளம் எப்படிப் பேசப்பட்டது? ஒரு பக்கம் மத்திய அரசு பணம் தரவில்லை, இன்னொரு பக்கம் மாநில அரசு வேலை செய்யவில்லை. இரண்டையும் கூட்டினால் முழு உண்மை வரும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். குளங்களின் கரை ஏன் உடைந்தது, உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்கு நிவாரணம் எந்தக் கணக்கில் வந்தது என்பது இரண்டு பக்கத்துக்கும் லாபமில்லாத செய்தி. அது நடுவில் இல்லை, இரண்டுக்கும் வெளியே கிடந்தது. சேற்றில் அள்ளுண்டு போன நாற்காலிகளைக்கூட யாரும் காட்டவில்லை, எந்தக் கட்சியின் கூட்டத்துக்கு வந்தவை என்று தெரியாததால்.

இன்னொன்றும் இருக்கிறது. 2018 மே 22 அன்று இந்த ஊரில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது; செத்தவர்கள் எண்ணிக்கை 13 ஆனது. இணையத்தை மறுநாள் முடக்கினார்கள், பக்கத்து மாவட்டங்களுக்கும் சேர்த்து. எங்கள் ஊரில் நடந்ததை நாங்கள் சொல்ல வழியில்லை. எங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்ல எல்லா வழியும் இருந்தது. அன்றைய முதலமைச்சர், டிவியைப் பார்த்துத்தான் தனக்கே தெரியவந்தது என்றார். அது சரியல்ல, அவருக்கு அதிகாரிகள் உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சொன்னது; 2022 அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. செத்தவன் எந்தக் கட்சி, சமூக விரோதியா இல்லையா என்று மாதக்கணக்கில் விவாதம் நடத்திய ஸ்டுடியோக்களில் ஒன்றாவது அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா? எங்கள் சாவுகூட உங்களுக்கு ஒரு டிபேட் தலைப்பா?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் குழுவை நோக்கிச் சொன்னதில்லை. தங்கள் பொறுமை நாடறிந்தது. குறிப்பாக, வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி 48 மணி நேரத்தில் தாங்கள் காக்கும் மௌனம். 2019 ஏப்ரல் 16 மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியில் பிரசாரம் ஓய்ந்தது. அன்று இரவே குறிஞ்சி நகரில் தி.மு.க. வேட்பாளர் கனிமொழி தங்கியிருந்த வீட்டில் வருமான வரிச் சோதனை. சேனல்கள் நேரலையில் வந்து நின்றன. எதுவும் கிடைக்கவில்லை என்று தெரிவதற்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. வேட்பாளர் வாய் திறந்தால் குற்றம், கேமரா வாய் திறந்தால் செய்தி. அவர் 3,47,209 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், அப்புறம் என்ன பாதிப்பு என்று கேட்கலாம். ஆட்டம் முடிந்து யார் ஜெயித்தார் என்பதை வைத்து நடுவர் சரியாக விசில் ஊதினாரா என்று முடிவு செய்ய முடியாது. 2024 மே 30 முதல் கன்னியாகுமரிப் பாறையில் பிரதமர் தியானம் செய்தபோது கடைசிக் கட்டத் தொகுதிகளுக்கு மௌன நேரம். அவர் மௌனமாகத்தான் இருந்தார், குறை சொல்லக் கூடாது. டிவிகள்தான் அந்த மௌனத்தை நாள் முழுக்க ஒலிபரப்பின. பாறையில் நாற்காலி போடாததால் கணக்குக் குழுவுக்கும் எண்ண எதுவும் இல்லை.

‘உங்கள் குழுவுக்கு அதிகாரம் கொடுத்தால் ஆளுங்கட்சி அதை வைத்தே எதிர்ச் சேனலை அடிக்கும்’ என்று அஞ்சுபவர்கள் உண்டு. இந்த ஒரு அச்சத்தோடு நான் சண்டை போட மாட்டேன். 2018 ஜூனில் கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் பதிந்தார்கள். 2025 அக்டோபரில் அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று எதிர்க்கட்சிகள் புகார் சொன்னன. முதலில் நடந்தது அ.தி.மு.க. ஆட்சியில், அடுத்தது தி.மு.க. ஆட்சியில். ஆட்சி மாறினாலும் பின்வரிசை நாற்காலி மாறுவதில்லை. அமெரிக்காவில் சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று 1949இலிருந்து ஒரு விதி இருந்தது; 1987இல் அதை எடுத்துவிட்டார்கள், அரசு செய்தி அறைக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்றுதான். ஆகவே எதைக் காட்டு, எதைக் காட்டாதே என்று தாங்கள் யாருக்கும் உத்தரவிட வேண்டாம். காலி நாற்காலியை ஜனக்கடல் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதன் விலையைச் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

கேட்பது இவ்வளவுதான். திரேஸ்புரத்து மீன் வியாபாரி ஏலக்காசோடு வரும்போது, 50,000 ரூபாய்க்கு மேல் ஒரு நோட்டு கூடினாலும் பறக்கும் படை வண்டியை மடக்கி ஆவணம் கேட்கிறது. அதே சுறுசுறுப்பில் கால்பங்கை எடுத்து, கட்சிச் சேனல்கள் நம் மாவட்ட வேட்பாளர்களைக் காட்டிய நேரத்தை எண்ணி, கட்டண அட்டையால் பெருக்கி, தொகையை வாக்குப்பதிவுக்கு முன்னால் ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சேனல் யாருடையது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாற்காலி எண்ணிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையில்லை. முடிவு வந்த 30 நாளில் வேட்பாளர்கள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. ‘சொந்தச் சேனல் ஒளிபரப்பு’ என்ற வரியில் என்ன தொகை எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வருவேன். ஒரு ரூபாயைச் சில்லறையாகவே கொண்டுவருகிறேன்; ரசீது மட்டும் மறக்காமல் போட்டுக் கொடுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
தூத்துக்குடி வாக்காளர்