ஜப்பான் ஒரிஜினல்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் விலைபோகாத பொருள் கிடையாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் கடைதான். ருத்திராட்சம், மூலிகை வேர், புல்லாங்குழல், நடந்து வீங்கிய காலுக்குத் தைலம் என எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஒரு பழைய கார் ஸ்டீரியோவை விற்கக் கிளம்பினேன்.

எனக்குக் கார் கிடையாது. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் பெரியப்பா மகன் ஊருக்கு வந்தால் கோடாலித் தைலம்தான் கொண்டுவருவார். ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களைப் பாதியாக அறுத்து, உதிரிபாகமாக இறக்கி விற்கும் ‘ஹாஃப் கட்’ கடைகள் அங்கே உண்டு. ஒருமுறை அங்கிருந்து டொயோட்டா செட் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டார்.

“அண்ணே, என்கிட்ட காரே இல்லையே?”

“முதல்ல இது இருக்கட்டும்டா. கார் பின்னாடியே வரும்.”

வரவில்லை. செட் மட்டும் பீரோவில் பாதியை அடைத்துக்கொண்டது. பரணா, கடையா என்று வீட்டில் கேட்டார்கள்.

போளூர் சாலையில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடைக்காரர், “ஜப்பான் ஒரிஜினலா சார்!” என்று இரண்டு கையாலும் பிரசாதம்போல வாங்கிக்கொண்டார். 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்ததும் திரை எரிந்தது. ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதே வரி. “வணக்கம் சொல்லுது சார்” என்றான் கடைப் பையன்.

ரமணாசிரமம் பக்கம் டீ குடிக்க வரும் ஜப்பானியர் ஒருவரிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். வணக்கமெல்லாம் இல்லை, மேப் கார்டைப் போடச் சொல்கிறதாம். பேட்டரி இணைப்பைக் கழற்றினால் இந்த வகை செட் பூட்டிக்கொள்ளும். தன் மேப் கார்டைப் பார்த்தால்தான் மறுபடி வாய் திறக்கும். ஜப்பான் கார்கள் நிறைந்த இலங்கையில் இந்தப் பூட்டைத் திறப்பதே ஒரு தொழில். நம் ஊரிலோ மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இதற்குப் பாட்டுப் பாட ஜப்பான் முழுக்க வழி தெரிந்தாக வேண்டுமாம்!

அண்ணனுக்கு போன் போட்டேன். “கார்டா? தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்டா.” கிள்ளானில்.

கார்டு ஒருவழியாக வந்தது. செட் கண்திறந்தது. இன்னோவா ஓட்டும் தம்பி ஒருவர் பார்க்க வந்தார். நான் புகழ்பாட ஆரம்பித்தேன். ஜப்பானிலும் நம்மைப் போல ஸ்டியரிங் வலப்பக்கம், அதனால் வால்யூம் பட்டன் உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். டொயோட்டா அகலம், அறுக்காமல் செருகாமல் அப்படியே உட்காரும்.

“அதெல்லாம் சரி சார். மெட்ராஸ் சவாரி போனா சூரியன் எஃப்.எம். எடுக்குமா?”

சூரியன் அங்கே 93.5. என் செட்டின் எஃப்.எம். 76-இல் ஆரம்பித்து 90-இல் நின்றுவிடுகிறது. ஜப்பானில் அதற்கு மேலே டி.வி. சேனல்கள் குடியிருந்தன, 2011-12-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகுதான் அங்கே எஃப்.எம். 95 வரை ஏறியது. என்னுடையது அதற்கு முந்தைய பிறவி. நம் தனியார் எஃப்.எம். கடையைத் திறப்பதோ 91-க்கு மேலே.

“டி.வி.டி. போடலாம் தம்பி” என்றேன். ஜப்பானுக்கு மண்டல எண் 2, நமக்கு 5. நம்மூர்ப் படத்தைத் திருப்பித் துப்பியது.

மீடியம் வேவ் மட்டும் எடுத்தது. அதில் அவர்களுக்கும் நமக்கும் ஒரே கணக்கு, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. 720-இல் சென்னை வானொலி கரகரவென்று வந்தது. வேளாண் செய்தி.

“நெல்லுக்கு உரம் வைக்கறதை கேட்டுக்கிட்டு பெங்களூர் பார்ட்டி உக்காருமா சார்?” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார் தம்பி.

நம் ஊரில் மிக்ஸியானாலும் மோட்டாரானாலும் ‘ஜப்பான்’ என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஜப்பானில் செய்தது வேறு, ஜப்பானுக்கென்றே செய்தது வேறு என்று யார் பார்க்கிறார்கள்? ஒரிஜினல் ஆக ஆக, அது நமக்கு ஆகாது.

கடைசியில் வயரிங் கடைக்காரரே கேட்ட விலைக்குப் பாதி கொடுத்து வாங்கிக்கொண்டார்.

“ஓடாத செட்டு உங்களுக்கு எதுக்குங்க?”

“ஷோகேஸ்ல வைக்கத்தான் சார். ஜப்பான் ஒரிஜினல் இருக்குதுன்னா ஆளு உள்ள வருவான். வந்தவனுக்கு சைனா செட்டு மாட்டி அனுப்பிடலாம்.”

நான் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கி வந்தவர் நேரே கண்ணாடிக்குள் விரலைக் காட்டி, “இது எவ்வளவு?” என்றார்.

“அது விக்கறதுக்கு இல்லீங்க” என்றார் கடைக்காரர். நான் பாடிய அத்தனை புகழையும்விட, அந்த ஒரு வார்த்தைக்கு வந்தவர் மசிந்துவிட்டார். விலையை ஏற்றிக்கொண்டே போனார்.