225 ரூபாய்த் தோட்டமும் காலி மனையும்

எங்கள் வீட்டுக்குக் காய்கறி கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர், இன்னொருவர் அவரைப் பெற்றவர். கணவருடைய தோட்டம் மொட்டைமாடியில் இருக்கிறது. என் மாமியாருக்குத் தோட்டம் கிடையாது, பக்கத்துக் காலி மனை இருந்தது. இரண்டையும் சமைத்துப் போடுகிறவள் என்ற முறையில் யாரையும் பகைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

அம்பத்தூரில், கள்ளிக்குப்பம் பக்கம் குடியிருக்கிறோம். 2021-இல் தமிழ்நாடு அரசு ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தை அறிவித்ததும், என் கணவர் தோட்டக்கலைத் துறை இணையதளத்தில் பதிவு செய்தார். 900 ரூபாய்ச் சாமான் மானியம் போக 225 ரூபாய். ஆறு பைகள், இரண்டிரண்டு கிலோவில் ஆறு தென்னை நார்க் கட்டிகள், ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, 100 மில்லி வேப்ப எண்ணெய், கூடவே ஒரு கையேடு. கொடுத்த காசுக்கு இது தாராளம். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

நார்க் கட்டியைத் தண்ணீரில் போட்டால் ஊதும் என்று கையேட்டில் இருந்ததாம். எவ்வளவு ஊதும் என்பதை நான் துணி ஊறவைக்கும் டப்பில் ஆறு கட்டியையும் ஒன்றாகப் போட்டுத் தெரிந்துகொண்டார். டிரைக்கோடெர்மா பொட்டலத்துக்கு வெயில் ஆகாது என்று ஃபிரிட்ஜில் இட்லிமாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "அது என்னடா?" என்று அத்தை கேட்க, "நல்ல பூஞ்சைம்மா" என்றார். அன்றைக்கு அத்தை மாவைத் தூக்கி வெளியே வைத்துவிட, சாயங்காலத்துக்குள் அது பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

நாரில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே செம்மண் வந்தது, மண்புழு உரம் வந்தது, பச்சை நிழல்வலை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையோர நர்சரிகளுக்கு இவர் ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தார். அந்த 225 ரூபாயை நான் நுழைவுக் கட்டணமாக எழுதிக்கொண்டேன்.

அத்தையின் மனைக்கு வருவோம். அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில். "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்ற பலகையை மட்டும் காவலுக்கு விட்டுப் போயிருந்தார். ஐப்பசி மழையில் குளமாகி, தை பிறந்ததும் காடாகிவிடும். வேலிக்கம்பியில் கோவைக்கொடி, அதன் மேல் முடக்கத்தான், மூலையில் தூதுவளை, செங்கல் குவியலில் பிரண்டை. அத்தை திருத்தணிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் கண்ணுக்கு அது ரேஷன் கடை.

எனக்கு அருவருப்பு இருந்தது உண்மை. அந்த மனையில் தெருநாய்களும் குடியிருந்தன. கேட்டதற்கு, "முட்டிக்கு மேல இருக்கறத மட்டும்தான் பறிப்பேன். நாய்க்கு எட்டுமா?" என்று திருப்பிக் கேட்டார். மூக்கிரட்டை தரையில்தானே படரும்? அதற்கும் பதில் வைத்திருந்தார். மதில் விரிசலில் முளைத்த மூக்கிரட்டைதான் பறிப்பாராம். இருந்தாலும் நான் மஞ்சள் தூள், கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீர் அலசுவேன்.

முடக்கத்தானை அரிசியோடு அரைத்தால் தோசை பச்சையாக வரும், லேசாகக் கசக்கும், பிள்ளைகள் ஓடும். தூதுவளையின் முள்ளைக் கிள்ளி எடுத்து ரசம் வைத்தால் மூக்கடைப்போடு படுத்திருப்பவரும் எழுந்து உட்காருவார். பிரண்டையைத் தொடுவதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அரிப்பு தாங்காது. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி தாராளமாக வைத்துத் துவையல் அரைத்தால்தான் அது நாக்கை விட்டுவைக்கும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து புகைப்படங்கள் வந்துகொண்டிருந்தன.

மாடியில் பீர்க்கங்கொடி நன்றாகத்தான் படர்ந்தது. பீர்க்கில் ஆண்பூதான் முந்தும், பெண்பூ நிதானமாக வரும். பூ மலர்வதே சாயங்காலம். எனவே ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் காது குடையும் பஞ்சுக்குச்சியோடு மாடியேறிவிடுவார். ஆண்பூவில் தொட்டுப் பெண்பூவில் ஒற்றுவார். எதிர்வீட்டு அக்கா என்னிடம் மெதுவாக விசாரித்தார்: "சார் எதுக்கு பூவுக்கெல்லாம் காது குடைஞ்சு விடறாரு?"

பலன் ஒரே ஒரு பீர்க்கங்காய். அதைப் பறிக்க இவருக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் நீளட்டும், மாமா பார்க்கட்டும், அண்ணன் வரட்டும் என்று விட்டதில் முற்றி நாராகிவிட்டது. அத்தை அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். "முதுகு தேய்க்க ஆச்சு" என்று கொல்லையில் காயப்போட்டார். அந்தத் தோட்டத்திலிருந்து இன்றுவரை தினசரி உபயோகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

பிறகு இவருக்கு வெளிநாட்டு மூலிகை ஆசை வந்தது. தாய்லாந்து சூப்புக்கான துளசி விதை ஆன்லைனில் வந்தது. முளைத்து, கிளைத்து, பூவும் விட்டது. அத்தை ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது திருநீற்றுப் பச்சிலைடா. எங்க ஊர்ல ஆடுகூட சீந்தாது" என்றார். இவர் ஒத்துக்கொள்ளாமல் தேடிப் பார்த்தார். இரண்டும் ஒரே இனம்தான். நாம் ஃபலூடாவில் மிதக்கவிடும் சப்ஜா விதையும் அந்த இனத்துச் செடி கொடுப்பதே. அன்றிரவு வீட்டில் சூப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

அடுத்தது தவசிக்கீரை. மல்டி வைட்டமின் கீரை என்று நர்சரியில் சொல்லிக் கொடுத்தார்கள். மலேசியாவில் முட்டையோடு வதக்கிச் சாப்பிடும் கீரை. ருசியில் குறையில்லை, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஆனால் இவர் தொப்பை குறைய அதைப் பச்சையாக அரைத்துக் குடிக்கப் போவதாக அறிவித்தார். 1990-களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க இதே கீரையைப் பச்சைச் சாறாகக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போன கதையைப் படித்துக் காட்டினேன். மிக்ஸியைக் கீழே வைத்தார். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டாக்கிவிட்டேன். தொப்பை நலமாக இருக்கிறது.

இப்படி இரு தரப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது காலி மனை விலைபோய்விட்டது. பலகையில் "அல்ல" என்ற சொல்லை மட்டும் யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். ஜேசிபி வரப்போகிறது என்று தெரிந்ததும் அத்தை கடப்பாரையோடு இறங்கினார். வேரோடு தோண்டியதையெல்லாம் முந்தானையில் கட்டிக்கொண்டு நேரே மாடிக்குப் போனார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தரி என்று சீட்டு ஒட்டிய பையில் பிரண்டை, தக்காளிப் பையில் தூதுவளை, வெண்டைப் பையில் கோவை. அசோஸ்பைரில்லமும் நிழல்வலையும் கிடைத்ததும் அவை போட்ட ஆட்டம் சொல்லி முடியாது. காலி மனையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வளர்ந்தவை அல்லவா!

கோவையைத்தான் அடக்க முடியவில்லை. ஹவாய்த் தீவுகளில் இந்தக் கொடியைத் தொல்லைக் களை என்று அறிவித்து, ஒழிப்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பூச்சிகளை வரவழைத்தார்கள். அது எனக்கு இப்போதுதான் நியாயமாகப் படுகிறது. துணிக்கொடி போச்சு, டிஷ் ஆன்டெனா போச்சு. போன மாதம், பக்கத்து மனையில் எழும்பும் கட்டிடத்துச் சவுக்குச் சாரத்தையும் எட்டிப் பிடித்துவிட்டது. அங்கே போய்த்தான் சரம்சரமாகக் காய்க்கிறது.

மேஸ்திரி மத்தியானச் சோற்றுக்குத் தினமும் ஒரு கை பறித்து வறுத்துக்கொள்கிறார். "ஏன்பா, அது எங்க வீட்டுக் காய்" என்று அத்தை மாடியிலிருந்து குரல் கொடுக்க, "சாரம் என்னுதுங்கம்மா" என்கிறார் அவர். வேர் எங்கள் பையில் இருக்கிறது என்பது அத்தையின் வாதம். அந்தப் பை தன்னுடையது, ரசீதே இருக்கிறது என்று என் கணவர் நேற்றிலிருந்து பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறார்.