ஆடியில ரெஸ்ட், மாப்ள!

கல்யாண போட்டோகிராபர் மாதக் காலண்டரில் முகூர்த்தத்தைப் பேனாவால் எழுதுவார். ஓய்வைப் பென்சிலால் எழுதுவார். பக்கத்திலேயே ரப்பரும் இருக்கும்.

யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பொதுவாக இந்த இனமே இப்படித்தான். தை பிறந்ததும் ஓட ஆரம்பிப்பார்கள். மாசி, பங்குனி தாண்டி வைகாசி, ஆனி வரைக்கும் ஓடி, கண்ணுக்குக் கீழே கறுத்து, தொண்டை கட்டி, "சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று ஊரையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உர்ரென்று உட்கார்ந்திருப்பார்கள். "உடம்பையும் கொஞ்சம் பாருங்க அத்தான்" என்று நாம் வாயைத் திறந்தால் ஒரே பதில்தான்: "ஆடியில ரெஸ்ட், மாப்ள."

அத்தான் என்றது வாய் தவறி வந்துவிட்டது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஆடியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே இளகிவிடும். இந்துக் கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் பூட்டு. முதல் வாரம் முழுக்கத் தூக்கம். இரண்டாம் வாரம் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட பல் டாக்டர். மூன்றாம் வாரம் சாரல் விழுகிற குற்றாலம். நாலாம் வாரம் பையனுக்குச் சைக்கிள் பழக்குவது. நாலு வாரத்தையும் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் "ரெஸ்ட்" என்று அழகாக எழுதுவார். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போவாள். பையன் இப்போது பைக் கேட்கிற வயதுக்கு வந்துவிட்டான்.

ஆடி பிறந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து போன் வரும். தேவாலயங்களுக்கு ஆடி மாசம் ஏது? மேலப்பாளையத்திலிருந்தும் வரும். நிக்காஹுக்கும் ஆடிக்கும் சம்பந்தமில்லை. ரப்பர் எடுப்பார். அப்புறம் அம்மன் கோவில் கொடை. ட்ரோன் பறக்காமல் இப்போது எந்த அம்மனுக்கும் கொடை நடப்பதில்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசு வரும், அதை எடுக்காவிட்டால் அவருக்கே தூக்கம் வராது. குலதெய்வக் கோவிலில் மொட்டை, காதுகுத்து. மொய் வாங்கப் பந்தல் போட்டால் அங்கே போட்டோவும் உண்டு. கணக்குப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஆடியில் நடக்காத விசேஷம் இந்துக் கல்யாணம் மாதிரி ஒன்றிரண்டுதான்.

"ரெஸ்ட்னு சொன்னீங்களே?"

"இது காதுகுத்து மாப்ள. அரை நாள். இதெல்லாம் வேலைக் கணக்குல வருமா?"

சரி, மிச்சம் இருக்கிற நாட்களிலாவது படுப்பாரா? தையிலிருந்து சேர்ந்த ஆல்பமெல்லாம் அந்த நாட்களுக்காகத்தான் காத்திருக்கும். ஒரு கல்யாணத்துக்கு 4000 படம் எடுத்துத் தள்ளியிருப்பார். அதில் நல்லதாக 300 பொறுக்கிக் கொடுங்கள் என்று பார்ட்டியிடம் பென்டிரைவ் கொடுத்திருப்பார். அவர்கள் சித்திரை முழுக்கப் பொறுக்கி, 1100 படத்தை டிக் அடித்து, கூடவே "பெரியப்பா ஒரு படத்துலயும் சிரிக்கலியே" என்று புகாரும் அனுப்பியிருப்பார்கள். ஆடியில் மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெரியப்பாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார்.

ஆக ஆடி ரெஸ்ட் அழிந்து புரட்டாசிக்குப் போகும். புரட்டாசியில் கல்யாணம் குறைவு என்று மனுஷன் நிமிர்வதற்குள் ஆவணி ஆல்பங்கள் வந்து நிற்கும். அங்கேயும் அழித்து மார்கழியில் எழுதுவார். மார்கழியில் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த சனம் திரும்பிப் போவதற்குள் நாகர்கோவில் பக்கத்தில் வரிசையாகக் கல்யாணம் வைப்பார்கள். மறுபடியும் ரப்பர். போன வருஷக் காலண்டரில் டிசம்பர் கடைசிக் கட்டத்தில் தாள் தேய்ந்து சுவர் தெரிந்தது. நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் வந்து பார்க்கலாம், அக்கா அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இத்தனைக்கும் விஷயம் தெரியாதவர் இல்லை. லைட் பிடிக்கிற பையன்களுக்கு அவர் எடுக்கிற வகுப்பைக் கேட்க வேண்டும். தொடர்ந்து ரெண்டு முகூர்த்தம் ஒத்துக்காத. ஒன்றரைக் கிலோ லென்ஸைக் கழுத்துல தொங்கவிடாத, தோளுக்கு மாத்து. எடிட்டிங்க வெளிய குடு. பந்தியில நேரத்துக்குச் சாப்பிடு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த வேலைச் சோர்வைத் தன் பட்டியலில் சேர்த்தது வரைக்கும் படித்திருக்கிறார். அதை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையால் வருகிற ஒரு நிலை என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவருக்கு வசதி. "பாத்தியா மாப்ள, நோய் இல்லன்னு அவனே சொல்லிட்டான்."

இந்த வகுப்பு நடக்கும்போதே போன் அடிக்கும். "வைகாசி கடைசி முகூர்த்தம், தேதி இருக்காண்ணே?" கண் காலண்டர் பக்கம் திரும்புவதற்குள் வாய் "பண்ணிரலாம்" என்று சொல்லியிருக்கும். அதற்கப்புறம்தான் காலண்டரைப் பார்ப்பார், எங்கே அழிப்பது என்று.

அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அட்வான்ஸ் கேமரா தவணைக்குப் போய்விடுகிறது. பாக்கிப் பணம் ஆல்பம் கைக்குப் போனால்தான் வரும். கையில் காசு புரளுகிற மாசம் வருஷத்தில் பாதிகூடத் தேறாது, பள்ளிக்கூடக் கட்டணமோ எந்த மாசத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒரு வீட்டில் ஒருமுறை முடியாது என்றால் அந்த வீட்டுத் தங்கச்சி கல்யாணமும், சித்தப்பா மகள் கல்யாணமும் எதிர்க்கடைக்காரருக்குப் போய்விடும். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துபோன இலையில் ரசத்தை ஊற்றும்போது, "போட்டோகாரரே, மாமா ஊருக்குக் கிளம்புறாக, ஒரே ஒரு ஸ்டில்" என்று கையைப் பிடித்து எழுப்புகிறவர்கள் நாம்தான். மாமாவுக்கு அரை மணி நேரம் கழித்து இன்னொரு பஸ் உண்டு.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாகர்கோவில் ரிசப்ஷனை இரவு பதினொன்றுக்கு முடித்துவிட்டு, கோவில்பட்டியில் 4.30 - 6 முகூர்த்தத்துக்கு நாலுவழிச் சாலையில் தனியாக வண்டி ஓட்டி வருகிறாரே, அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாளும் தூங்காத மனுஷன். தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வாராம், மூஞ்சியில் காத்து அடிக்குமாம். இதை ஒரு தொழில் நுணுக்கமாகவே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "மண்டபம் வந்துட்டேன்" என்று போன் வருகிற வரைக்கும் அக்கா படுக்க மாட்டாள். முழு நிலா மாதிரி இருந்த அவள் முகம் எப்படி ஆகிவிட்டது என்று பார்க்க அவரிடம் ஒரு லென்ஸும் இல்லை. ரெண்டு முகூர்த்தத்துக்கு நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் ரெண்டாவதை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கேட்கிற ஜாதி இல்லை.

போன ஆடியில் அக்கா பையனை முன்னால் விட்டு, என்னைப் பின்னால் விட்டு, குற்றாலத்துக்கு இழுத்து வந்தேவிட்டாள். கேமரா பை எதற்கு என்று கேட்டதற்கு, "வீட்ல இருந்தா பூஞ்சை பிடிச்சிரும்" என்றார். ஐந்தருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடவில்லை. கரையில் ஒரு சோடி செல்போனை நீட்டி முழித்துக்கொண்டு நின்றது. இவருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நீங்க சும்மா நில்லுங்க. தங்கச்சி, தலைய லேசா சாய்ங்க. இன்னும் லேசா." பை திறந்தது. பெரிய லென்ஸ் வெளியே வந்தது. என் கையில் குடையைக் கொடுத்து வெளிச்சத்தை மறைக்கச் சொன்னார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற நாலைந்து பேரைத் தள்ளி நிற்கச் சொன்னார், அவர்களும் நின்றார்கள். பத்து நாளில் ஒரு மனுஷன் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடிப் பார்த்தேன். ஆவணியில் கல்யாணமாம் அந்தச் சோடிக்கு, தென்காசியில். விசிட்டிங் கார்டு கை மாறியது.

"வந்ததுக்கு நாமளும் ஒரு குடும்பப் படம் எடுத்துக்கலாமா அத்தான்?" என்றேன்.

கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்: "செல்லுல எடு மாப்ள. நான் ரெஸ்ட்ல இருக்கேன்."